பியாசோலாவின் 'டாங்கோ: ஸீரோ அவர்' கேட்பது எப்படி

அர்ஜென்டினாவின் டாங்கோ இசையமைப்பாளர் ஆஸ்டர் பியாசோலா 1986ல் நியூயார்க்கில் பதிவுசெய்த இந்த ஆல்பத்தை மொபைல் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். ஹெக்டர் கொன்ஸோலேயின் டபுள் பேஸ் (ஆழ்ந்த சுரங்கள் தரும் பெரிய தந்தி வாத்தியம்) காணாமல் போய்விடும். அதன்மேல்தான் மொத்த இசையும் நிற்கிறது. நல்ல ஹெட்போன் அவசியம்.

முதலில் 'மைக்கலாஞ்சலோ 70'. மூன்று நிமிடம்கூட இல்லை. எட்டு எட்டாகத் தட்டுகளை எண்ணி 1, 4, 7ல் மட்டும் கை தட்டுங்கள். 3-3-2 என்ற பியாசோலாவின் தாளக்கட்டு பிடிபட்டுவிடும். நான்கு நான்காக எண்ணினால் அழுத்தங்கள் இடறுவதுபோல் தோன்றும். அடுத்த முறை ஃபெர்னாண்டோ சுவாரெஸ் பாஸின் வயலினை மட்டும் கவனியுங்கள். இந்தக் குழுவின் வயலின் மெலடியோடு நிற்பதில்லை. தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் வில்லைத் தேய்த்து, சில்வண்டு கத்துவதுபோன்ற வறண்ட ஒலியையும் எழுப்பும். ஐவர் குழுவில் டிரம்ஸ் கிடையாது. அந்த வேலையை இப்படித்தான் பங்குபோட்டுக்கொள்கிறார்கள்.

'மிலோங்கா தெல் ஆங்ஹெல்' வேறு உலகம். இதில் பியாசோலா வாசிக்கும் பண்டோனியன் துருத்தியால் ஒலிக்கும் கருவி. ஒரே சுரம் நீளும்போது காற்றின் அழுத்தம் கூடிக் குறைவதைக் கேளுங்கள். அந்த நெளிவில்தான் என் மனம் ஒவ்வொரு முறையும் கரைகிறது.

பத்து நிமிட 'கொன்ட்ராபஹிஸிமோ' பேஸின் தனி ஆவர்த்தனத்தோடு தொடங்குகிறது. பொறுமையிழந்து தள்ளிவிடாதீர்கள்.