உலக வரலாற்றுத் தாள்: ஹைட்டியை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

குடிமைப்பணி முதன்மைத் தேர்வுக்கு வரலாற்றை விருப்பப்பாடமாக எடுத்தவர்கள், அந்நியப் படை ஆக்கிரமித்த நாடுகளை எல்லாம் மேலோட்டமாக மேய்வார்கள். நானோ புதுச்சேரி ரோமன் ரோலந்து நூலகத்தில் உட்கார்ந்து கரீபியக் கடல் நாடான ஹைட்டி ஒன்றையே ஊன்றிப் படித்தேன். அது போதுமானதாக இருந்தது.

வழிகாட்டி நூல்கள் 1915 ஜூலை 28-இல் அமெரிக்கப் படை இறங்கியதில் தொடங்கும். நீங்கள் 1825-இல் தொடங்குங்கள். பிரான்சிடமிருந்து ஹைட்டி பெற்ற விடுதலையை அங்கீகரிக்க 15 கோடி பிராங்க் கேட்டார் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ். அப்போது புதுச்சேரியும் அவர் ஆட்சியில்தான் இருந்தது; நம் ஊர்ப்பிள்ளைகளுக்கு இந்த ஆண்டு மறக்காது. பிறகு 1914 டிசம்பர்: ஹைட்டி வங்கியிலிருந்த 5 லட்சம் டாலர் மதிப்புள்ள தங்கத்தை அமெரிக்கப் படையினர் நியூயார்க்குக்குக் கொண்டுபோனார்கள். ஹைட்டியின் குடியரசுத் தலைவர் சாமை ஒரு கும்பல் கொன்றது அதற்குப் பிறகுதான். ஒழுங்கை நிலைநாட்ட வந்தோம் என்ற அமெரிக்கர்களின் பேச்சு எவ்வளவு தூரம் நிற்கும் என்பது இந்த வரிசையிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து, சுங்க வருவாய் யார் கையில் என்று பாருங்கள். கடற்கரைச் சாலையில் பழைய சுங்கக் கட்டடத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஹைட்டியுடன் செய்த ஒப்பந்தத்தின்படி அந்த நாட்டின் சுங்க வருவாய் அமெரிக்கர் வசமானது. புதிய அரசியலமைப்பை ஏற்க மறுத்த நாடாளுமன்றம் 1917-இல் கலைக்கப்பட்டது. மறு ஆண்டு, படையின் மேற்பார்வையில் நடந்த வாக்கெடுப்பு வெளிநாட்டவர் நிலம் வாங்க வழிவிட்டது.

சாலைகளும் மருத்துவமனைகளும் வந்தன. அதையும் எழுதுங்கள், ஒருதலைப்பட்சமான விடை எடுபடாது. ஆனால் சாலையைப் போட்டது யார்? 1864-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து விவசாயிகளைக் கட்டாய வேலைக்கு இழுத்துப்போனார்கள். அந்தக் கொதிப்பில்தான் சார்லமாஞ் பெரால்ட்டின் கிளர்ச்சி வலுத்தது. 1919-இல் அவரைக் கொன்று, உடலைக் கதவில் கட்டிப் படமெடுத்து, மக்களை அச்சுறுத்தப் பரப்பினார்கள். மக்களோ அந்தப் படத்தில் சிலுவையில் தொங்கும் இயேசுவைக் கண்டார்கள். விடையில் இரண்டு வரி இதற்குக் கட்டாயம் கொடுங்கள்.

படை 1934-இல் வெளியேறியது. நிதிக் கண்காணிப்பு 1947 வரை நீடித்தது. அமெரிக்கர்கள் பயிற்றுவித்த ஹைட்டி ராணுவம் 1946-லும் 1950-லும் ஆட்சியைக் கவிழ்த்தது. 15 மதிப்பெண்ணுக்கு 250 சொற்கள்தான் எழுத முடியும். கேள்வியில் ‘விளைவுகள்’ என்றிருந்தால், 1934-க்குப் பிந்தைய கதைக்குப் பாதி இடம் ஒதுக்குங்கள்.