வாடகைப் பதிவும் ஒரு 'ஷ்' எழுத்தும்

நீலகிரியில் எங்கள் வீடு இருக்கும் ஊரின் பெயரை எழுதாமல் விடுகிறேன். எழுதினால் நான் எந்த அலுவலகத்தைச் சொல்கிறேன் என்பது மலையில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். அப்பா ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் கட்டிய வீடு அது. கீழே ஒரு குடித்தனம், மேலே ஒரு குடித்தனம். அவர் மறைந்தபின் தங்கை தன் பங்கை எனக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் பதிந்து கொடுத்துவிட்டாள். நான் கோவையில் இருந்துகொண்டே இரண்டையும் வாடகைக்கு விட்டு வருகிறேன்.

முன்பு மேல்வீட்டில் இருந்தவருக்கும் எனக்கும் எழுத்தில் ஒன்றும் இல்லை. அப்பா காலத்து வாய்ப்பேச்சுதான். அவர் எட்டு மாதம் வாடகை தராமல் இருந்தபோது, மின்சார ஃபியூஸைப் பிடுங்கிவிடுங்கள் என்று ஆலோசனை சொன்னவர்களே அதிகம். குடியிருப்பவருக்கு மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்துவதைச் சட்டம் தடை செய்கிறது என்று ஒரு வழக்கறிஞர் சொன்னதால் தப்பித்தேன். 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017ஆம் ஆண்டுச் சட்டம் 22.2.2019 முதல் நடைமுறையில் இருக்கிறது என்பதும், இனி எல்லா வாடகையும் எழுத்தில் இருந்து வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்பதும், பதினொரு மாத ஒப்பந்தம் என்றால் எதுவும் வேண்டாம் என்ற ஊர்ப்பேச்சு பழங்கதை என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்தக் குடித்தனக்காரர் ஒருநாள் தாமாகவே காலி செய்து போனார். எட்டு மாத வாடகையை அவர் கொடுத்திருந்த முன்பணம் பாதிகூட ஈடுகட்டவில்லை.

எனவே பிப்ரவரி இறுதியில் பள்ளி ஆசிரியர் ஒருவர் மேல்வீட்டைக் கேட்டு வந்ததும், முதலிலேயே ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டோம். அதற்கு ஒரு மாலைப் பொழுதுதான் ஆனது. முன்பணம் பத்து மாதம் வாங்குவதுதான் எங்கள் தெருவில் வழக்கம். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்று சட்டம் சொல்வதால் மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். ஒப்பந்தம் எழுதிய 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் விண்ணப்பத்தை ஏற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

விண்ணப்பம் திரும்பி வந்தது. ஒப்பந்தத்தில் உரிமையாளர் நான். இணைத்திருந்த சொத்து வரி ரசீதில் இருப்பவர் அப்பா. விடுதலைப் பத்திரம் பதிவானவுடனே வரிப் பதிவேட்டிலும் பெயர் மாற்றியிருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளாக அப்பா பெயருக்கே வரி கட்டி, ரசீதைக் கோப்பில் பத்திரமாகச் செருகி வைத்திருந்தேன்! வாடகைக்கு ஆள் தேடும் முன்பே வரி ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். நான் பட்ட பாட்டில் முக்கால்வாசி அதைப் பார்க்காததால் வந்தது.

வரிப் பதிவேட்டில் பெயர் மாற்றுவதற்காக மலையேறிய முதல் நாள், ஊர் அலுவலகத்தின் வரிப் பிரிவு எழுத்தர் முகாமுக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை மற்றவர்கள் தாளை வாங்கக்கூட மாட்டார்கள். இரண்டாம் பயணம் மே மாதத்தில் அமைந்தது என் அறியாமை. என் வண்டி கோவைப் பதிவெண் கொண்டது என்பதால், சொந்த வீட்டுக்குப் போகவே, வெளியூர் வண்டிகள் மலையேற இணையத்தில் பெறும் அனுமதியான இ-பாஸ் எடுத்தேன். கோடைக் காலத்தில் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்ற ஒருவழிப் பாதை ஏற்பாடு வேறு. வளைவுக்கு வளைவு நின்று நின்று போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, விடுதலைப் பத்திரம், வில்லங்கச் சான்று என எல்லாவற்றையும் புரட்டிய எழுத்தர், வீடு காலியாக இருந்த அரையாண்டின் வரியும் குடிநீர்க் கட்டணமும் பாக்கி என்றார். காலி வீட்டுக்கும் வரி உண்டு என்பது தெரிந்தும் கட்ட மறந்தது என் தவறுதான். ஆனால் பாக்கியைக் கட்டிவிட்டுத் திரும்பி வந்து நின்றபோதுதான், "உங்க அப்பா பேரே ரெண்டு விதமா இருக்கே சார்" என்று தாள்களைத் தள்ளி வைத்தார்.

பார்த்தால், வரிப் பதிவேட்டில் அப்பா பெயரில் 'ஷ்' இருக்கிறது. வாரிசுச் சான்றை எழுதிய நல்ல தமிழ் ஆர்வலர் யாரோ அதை 'ட்' ஆக்கியிருக்கிறார். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி கையெழுத்துடன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் போதும் என்பதை அவர் சொல்லவில்லை. வாரிசுச் சான்றையே திருத்தி வாங்கி வரச் சொன்னார். வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் பெரியவர்தான் உறுதிமொழிப் பத்திரத்தைச் சொன்னார். அதற்கு ஒரு தேநீர் தவிர வேறெதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. மூன்றாம் முறை காரை வீட்டில் விட்டு, மேட்டுப்பாளையத்திலிருந்து காலை முதல் பேருந்தில் ஏறினேன். பேருந்தில் போகிறவருக்கு இ-பாஸ் தேவையில்லை. எழுத்தர் பத்திரத்தை இருமுறை படித்தார், முகத்தில் லேசான ஏமாற்றத்தோடு வாங்கிக்கொண்டார். மூன்று வாரத்தில் என் பெயரில் வரி ரசீது வந்தது. வருமான வரிக் கணக்கிலும் இந்த ரசீது பயன்படும்: உரிமையாளர் அந்த ஆண்டில் கட்டிய சொத்து வரியை வாடகையிலிருந்து கழித்து, மீதியில் 30 சதவீதத்தைச் செலவுக் கழிவாகப் பெறலாம், பழுதுபார்த்த ரசீதுகளைக் காட்ட வேண்டியதில்லை.

இதற்குள் 90 நாள் கெடு தாண்டிவிடும் போலிருந்ததால், நானும் ஆசிரியரும் பேசி, புதிய தேதியிட்டுப் புதிய ஒப்பந்தமே எழுதினோம். அதில் ஒரு நன்மையும் விளைந்தது. முதல் ஒப்பந்தத்தில் பழுதுபார்ப்புப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வேறு உடன்பாடு இல்லாதபோது எந்தப் பழுது யாருடையது என்பதைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பிரித்துச் சொல்கிறது: சுண்ணாம்படிப்பதும் கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுவதும் குழாய் மாற்றுவதும் உரிமையாளருக்கு, குழாய் வாஷர், சுவிட்சு, கீசர், உடைந்த சன்னல் கண்ணாடி குடியிருப்பவருக்கு. சமவெளியில் சுண்ணாம்படிப்பு எப்போதோ வரும் செலவு. மலையில் ஒவ்வொரு மழைக்காலமும் வடக்குச் சுவரில் பூஞ்சையை ஏற்றிவிட்டுத்தான் போகும். எனவே ஆண்டுக்கொருமுறை அந்தச் சுவரை மட்டும் நான் பூசித் தருவது என்றும், துணியை அறைக்குள் உலர்த்துவதால் வரும் ஈரத்துக்கு நான் பொறுப்பில்லை என்றும் தனியாக எழுதிச் சேர்த்தோம். அவர் சிரித்தபடி கையெழுத்திட்டார்.

இம்முறை விண்ணப்பம் திரும்பவில்லை. பதிவு எண் வந்ததும் அதை ஆசிரியருக்கு அனுப்பினேன். அன்றிரவே அவரிடமிருந்து அழைப்பு. கீசர் வேலை செய்யவில்லையாம். அட்டவணையைப் பார்த்துவிட்டதாகவும் ஆள் வைத்துத் தாமே சரிசெய்துகொள்வதாகவும் சொன்னார். பிறகு, "சார், வடக்குச் சுவரை எப்ப பூசறீங்க?" என்றார்.