தலைக்குள் ஒரு பட்டாம்பூச்சி

பெரியப்பாவின் சி.டி. ஸ்கேன் ஃபிலிமை டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நட்டநடு மூளையில் கறுப்பாக ஒரு பட்டாம்பூச்சி.

“இது எல்லார் தலையிலும் இருக்கு சார். இவருக்கு றெக்கை கொஞ்சம் பெரிசா விரிஞ்சிருக்கு.”

அந்த றெக்கைதான் வென்ட்ரிக்கிள், மூளைக்குள் திரவம் நிறைந்த அறை. உள்ளே பாசி மாதிரி படர்ந்த ஒரு திசு நாளைக்கு அரை லிட்டர் திரவம் சுரக்கிறது. தலையிலும் முதுகுத்தண்டிலுமாக ஒரு நேரத்தில் இருப்பதோ சுமார் 150 மில்லிதான், மிச்சமெல்லாம் மூளையைச் சுற்றி வந்து திரும்ப ரத்தத்தில் வடிந்துவிட வேண்டும். வடியாவிட்டால்? எங்கள் தெரு சாக்கடை கதைதான்.

ஆறு மாதமாகப் பெரியப்பா காலைத் தேய்த்துத் தேய்த்துத்தான் நடந்தார். வயசாயிடுச்சு என்று நாங்களே முடிவு கட்டியிருந்தோம்.

அடுத்த வாரம் அந்தத் தண்ணீரை வயிற்றுக்குள் திருப்பிவிட ஒரு மெல்லிய குழாய் வைக்கிறார்கள்.