கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால் எல்லோரையும் சுட்டுவிட்டார்கள்

இந்த நாட்டுக்காரர்களிடமிருந்து ஒரு அபிப்பிராயத்தை வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்கக் கூடாது. சம்பளம், சாமி, வீட்டு விலை எதையும் கேட்கக் கூடாது. கேட்டாலும் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு நழுவிவிடுவார்கள். பாளையங்கோட்டையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் பக்கத்து ஆளின் அரசியல், அவர் மாமனாரின் அரசியல், இரண்டு பேரும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிற காரணம் எல்லாம் தெரிந்துவிடும். 2022இல் டெர்பிக்கு வந்து, ஒரு மருத்துவமனை லேபில் நைட் ஷிப்ட் பார்க்கத் தொடங்கி வெகுநாள் ஆன பிறகும், கூட வேலை பார்ப்பவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் யார் டீக்கு எவ்வளவு பால் என்பதுதான்.

அவர்கள் வாயைத் திறக்க வைத்தது, நாற்பது வருஷத்துக்கு முன்னால் முடிந்துபோன ஒரு டிவி தொடர்.

இங்கே டிவி பார்க்க லைசன்ஸ் எடுக்க வேண்டும். எந்தச் சேனலாக இருந்தாலும் நேரலையில் பார்த்தால் கட்டணம் உண்டு. பிபிசியின் ஐபிளேயரைத் திறந்தாலும் உண்டு. நான் வந்தபோது வருஷத்துக்கு 159 பவுண்டு. ரொட்டி விலையைக்கூட ரூபாயில் பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. டிவிடி போட்டுப் பார்க்க லைசன்ஸ் வேண்டாம் என்று வீட்டில் கூட இருந்த மலையாளி நர்ஸ் அண்ணன் சொல்லிக்கொடுத்தார். சேரிட்டி ஷாப்புக்குப் போனால் பழைய டிவிடிகள் கொட்டிக் கிடக்கும். வீட்டைக் காலி செய்கிறவர்கள், பெற்றவர்களை அடக்கம் செய்துவிட்டு அலமாரியைச் சுத்தம் செய்கிறவர்கள் எல்லாம் மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டுப் போவது. அப்படி ஒரு கடையில் கையில் கிடைத்ததுதான் ‘பிளேக்ஸ் செவன்’ நாலாவது சீசன். முந்தைய மூன்றும் அங்கே இல்லை. விண்கலம் படம் போட்டிருந்தது, ஒன்றரை பவுண்டு, எடுத்துக்கொண்டேன்.

அன்று ராத்திரி டீ ரூம் மேஜையில் அந்தப் பெட்டியை வைத்திருந்தேன். வார்டிலிருந்து லேபுக்குச் சாம்பிள் கொண்டுவரும் போர்ட்டர் உள்ளே வந்தார். ஐம்பதைத் தொட்டவர், ‘ஆல்ரைட்’ என்பதற்கு மேல் என்னிடம் பேசாதவர். பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “கடைசி எபிசோடு பார்த்தாச்சா?” இல்லை என்றேன். “பார்க்காதே.” சென்ட்ரிஃப்யூஜில் டியூப்களை அடுக்கிவிட்டு வந்த மூத்த டெக்னீஷியன் அம்மா, கையுறையைக் கழற்றியபடியே, “அவர் சொல்வதைக் கேட்காதே, கட்டாயம் பார்” என்றார். அவ்வளவுதான். இயந்திரம் சுழன்று நின்று பீப் பீப் என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது, இரண்டு பேரும் நிறுத்தவில்லை.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1978 ஜனவரி 2இலிருந்து 1981 டிசம்பர் 21 வரை பிபிசி ஒன்றில் ஓடிய தொடர் இது. நாலு சீசன், 52 எபிசோடு. உருவாக்கியவர் டெர்ரி நேஷன். ‘டாக்டர் ஹூ’ தொடரில் வரும் டாலெக்குகள் என்கிற வில்லன்களைப் படைத்த அதே ஆள். பூமியும் பல கிரகங்களும் ஃபெடரேஷன் என்கிற கொடுங்கோல் அரசின் கையில் இருக்கின்றன. அதை எதிர்க்கிறவன் பிளேக். அவனோடு சேர்ந்தவர்கள் வீலா என்கிற திருடன், கடத்தல்காரி, கம்ப்யூட்டர் மோசடிக்காரன் என்று ஒருவகையிலும் யோக்கியமில்லாத கூட்டம். மோசடிக்காரன்தான் ஏவான், நடித்தவர் பால் டாரோ. பிளேக்காக நடித்த கேரத் தாமஸ் இரண்டு சீசனோடு விலகிக்கொள்ள, பிளேக் இல்லாமலே அவன் பெயரில் தொடர் ஓடியது. மூன்றாவது சீசனோடு முடித்துவிடும் எண்ணத்தில் அவர்களுடைய ‘லிபரேட்டர்’ கலத்தையே அழித்தும்விட்டார்கள். அந்த எபிசோடு முடிந்த கையோடு, இன்னொரு சீசன் வருகிறது என்று பிபிசி அறிவித்துவிட்டது. ஆக, ஒரு தடவை முடிந்த கதை மறுபடியும் முடிய வேண்டியதாயிற்று.

அந்த இரண்டாவது முடிவுதான் சண்டைக்குக் காரணம். தொடரின் ஸ்கிரிப்ட் எடிட்டர் கிறிஸ் பௌச்சரே எழுதியது, இயக்கியவர் மேரி ரிட்ஜ். கலகத்துக்கு ஒரு முகம் வேண்டும் என்று ஏவான் பிளேக்கைத் தேடி, சட்டமே இல்லாத கௌடா பிரைம் கிரகத்துக்கு வருகிறான். பிளேக் அங்கே ஆள்பிடித்துக் கொடுத்துத் தலைக்குக் காசு வாங்குகிறவனாகத் திரிகிறான். அது வேஷம். நம்பகமானவர்களைச் சோதித்துப் பொறுக்கியெடுக்க அவன் கண்டுபிடித்த வழி. இது தெரியாத டாரன்ட், ஏவானின் கூட்டத்தில் ஒருவன், பிளேக் நம்மை விற்றுவிட்டான் என்று ஏவானிடம் சொல்கிறான். காட்டிக்கொடுத்துவிட்டாயா என்று ஏவான் கேட்கிறான். பிளேக் நேராகப் பதில் சொல்லாமல், உனக்காகத்தான் இதையெல்லாம் ஏற்பாடு செய்தேன் என்கிற மாதிரி ஏதோ சொல்லிக்கொண்டே முன்னால் நடந்து வருகிறான். மூன்று முறை சுடுகிறான் ஏவான். வயிற்றில் ரத்தம். பிளேக் இரண்டு கையாலும் அவனைப் பிடித்துக்கொண்டு சரிகிறான். பிறகு ஃபெடரேஷன் ஆட்கள் புகுந்து, டேனா, வீலா, சூலின், டாரன்ட் என்று எல்லோரும் மெதுவோட்டத்தில் விழுகிறார்கள். பிளேக்கின் உடலுக்கு இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்கிற ஏவானைச் சுற்றி வளையமாகத் துப்பாக்கிகள். அவன் தன் துப்பாக்கியை உயர்த்தி, சிரிக்கிறான். திரை கறுப்பு. சுடுகிற சத்தம் மட்டும். பெயர்கள் ஓட ஆரம்பித்துவிடுகின்றன.

திங்கட்கிழமை சாயங்காலம், கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால், பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் இதைப் போட்டிருக்கிறார்கள். போர்ட்டருக்கு அப்போது ஒன்பது வயது. அந்த டிசம்பரின் குளிர் இங்கே இன்னும் பேசப்படுகிற குளிர். 13ஆம் தேதி ஷ்ராப்ஷயரில் மைனஸ் 25.2 டிகிரிக்கு இறங்கியிருந்தது. கார்கி கம்பெனி செய்து விற்ற குட்டி உலோக லிபரேட்டர் அவரிடம் இருந்திருக்கிறது. அன்று ராத்திரி அதைத் தூக்கிக் கட்டிலுக்கடியில் எறிந்துவிட்டாராம். அவருடைய கோபம் எல்லோரும் செத்ததில் இல்லை. “பிளேக்கை ஃபெடரேஷன் கொன்றிருந்தால் சரி. ஏவான் ஏன்? அதுவும் ஒரு தப்பான தகவலை நம்பி?” ஜனவரியில் இதற்கு விளக்கம் வரும் என்று திங்கட்கிழமைதோறும் காத்திருந்திருக்கிறார். வரவே இல்லை.

டெக்னீஷியன் அம்மாவின் கட்சி வேறு. ஏவான் சாகவில்லை. அவர் அப்போது பதினாறு வயசுப் பெண், சுவரில் ஏவான் படம் ஒட்டியிருந்தவர் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். வக்கீல் மாதிரி வாதாடுவார். கறுத்த திரையில் கேட்கிற முதல் சத்தம் ஏவானுடைய துப்பாக்கிதான், அவன் குனிந்துகொண்டான், சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள் என்பார். மற்றவர்கள் விழும்போது ரத்தமே காட்டவில்லை, மயக்கம் போடவைக்கிற துப்பாக்கியாக இருக்கலாம். வீலா விழுவதைப் பார், பயந்தாங்கொள்ளி நடித்துத்தானே விழுகிறான். ஒராக் என்கிற கம்ப்யூட்டரை ஏவான் முன்கூட்டியே காட்டில் ஒளித்துவைத்துவிட்டுத்தான் வந்தான், திரும்பிப் போகிற எண்ணமில்லாதவன் ஏன் ஒளித்துவைக்கிறான்? கடைசிக் கேள்வி நல்ல கேள்விதான். ரத்தம் பற்றிய விஷயத்துக்கு மட்டும் வெளியே ஒரு காரணம் இருக்கிறது. பிளேக் சந்தேகத்துக்கு இடமில்லாமல் செத்தால்தான் நடிப்பேன் என்பது கேரத் தாமஸின் நிபந்தனை. மற்றவர்களை அப்படி முடித்துக்கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை, ஐந்தாவது சீசன் வந்தாலும் வரலாம். அந்தச் சந்தில்தான் இந்த அம்மாவைப் போன்றவர்கள் நாற்பது வருஷமாகக் குடியிருக்கிறார்கள். பால் டாரோவே பின்னால், ஏவான் பிழைத்துக்கொண்ட மாதிரி நாவல்கள் எழுதினார் என்பதையும் சாட்சிக்கு இழுப்பார்.

இளவட்டங்கள் யூடியூபில் துண்டு பார்த்துவிட்டு, செட் ஆடுகிறது, எல்லாக் கிரகமும் ஒரே கல்குவாரி என்று சிரித்தார்கள். உண்மைதான். அதற்கு என்ன செய்ய?

எனக்கு ஆச்சரியமாக இருந்தது பக்கத்து வீட்டுத் தாத்தா. ரோல்ஸ் ராய்ஸ் விமான எஞ்சின் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். குப்பைத் தொட்டியை எந்த வாரம் எந்த நிறத்தில் வெளியே வைப்பது என்பதைத் தவிர எங்களுக்குள் பேச்சு இருந்ததில்லை. வேலியோரம் நின்று இதைச் சும்மா சொல்லப்போக, தொட்டியை அப்படியே நிறுத்திவிட்டு அரை மணி நேரம் பேசினார். அந்த வருஷத்தில் வேறெப்படி முடிந்திருக்க முடியும் என்பது அவர் வாதம். ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் மூடிக்கொண்டிருந்தன. அடுத்த மாதமே, 1982 ஜனவரியில், வேலையில்லாதவர்கள் கணக்கு முப்பது லட்சத்தைத் தாண்டியது. நல்லவர்கள் கடைசியில் ஜெயிப்பதாக அன்றைக்குக் காட்டியிருந்தால் டிவியை அணைத்திருப்பேன் என்றார். யூனியனைப் பற்றி, கூட வேலை பார்த்தவர்கள் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டதைப் பற்றி, தம்பியோடு இன்றுவரை பேசாததைப் பற்றி எல்லாம் அதன் தொடர்ச்சியாக வந்தது. மழை தூறியும் உள்ளே போகவில்லை.

நான் நாலாவது சீசனை முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் முதல் சீசனைத் தேடி வாங்கினவன். அதனாலோ என்னவோ, தாத்தாவின் பக்கம்தான் சாய்கிறேன், ஆனால் காரணம் வேறு. முதல் எபிசோடிலேயே, நகரத்தின் கூரைக்கு வெளியே ரகசியமாகக் கூடியவர்களை, கையில் ஆயுதமில்லாதவர்களை, காவலர்கள் மொத்தமாகச் சுட்டுத்தள்ளுகிறார்கள். பிணங்களுக்கு நடுவே மிஞ்சுவது பிளேக் ஒருவன். அவன்மேல் அருவருப்பான பொய்க்குற்றம் சுமத்துகிறார்கள். அவனை நம்பிய வக்கீலையும் வக்கீலின் மனைவியையும் தீர்த்துக்கட்டுகிறார்கள். எல்லாம் முதல் ஐம்பது நிமிஷத்துக்குள். பிணங்களுக்கு நடுவே ஒரே ஆள் நின்று தொடங்கிய கதை, அதேபோல ஒரே ஆள் நின்று முடிகிறது. திடீர் அதிர்ச்சிக்காகச் செய்தது என்பவர்கள் முதல் எபிசோடை மறந்தவர்கள்.

ஏவான் அவ்வளவு சுலபமாகச் சுடுவானா என்று போர்ட்டர் கேட்பதற்கும் இரண்டு எபிசோடு முன்னால் பதில் இருக்கிறது. ஒரு சிறு கலத்தில் ஏவானும் வீலாவும் மாட்டிக்கொள்கிறார்கள். எழுபது கிலோ எடை குறைந்தால்தான் தப்பிக்கலாம். கையில் கிடைத்ததையெல்லாம் வெளியே தள்ளியும் போதவில்லை. அப்போது ஒராக் உணர்ச்சியே இல்லாமல் சொல்கிறது: வீலாவின் எடை 73 கிலோ. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஏவான், “வீலா, எங்கே இருக்கிறாய், உன் உதவி வேண்டும்” என்று குரலை இனிமையாக்கிக்கொண்டு தேடுகிறான். வீலா ஒரு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்து அழுகிறான். இதைப் பார்த்த பிறகு கடைசிக் காட்சியில் எனக்குத் திடுக்கிடவில்லை. வேறு வழி தற்செயலாகத் தட்டுப்பட்டுத்தான் அன்றைக்கு வீலா பிழைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போனில் பேசும்போது, பேச வேறு விஷயம் தீர்ந்துபோய், இந்தக் கதையைச் சொன்னேன். சாயங்காலம் ஆறிலிருந்து சீரியல் பார்க்கிறவள் என்பதால் பொறுமையாகக் கேட்டாள். டாரன்ட் வந்து சொல்கிற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். “ஏல, இவன் சொன்னான்னு அவன் விசாரிக்காமலே சுட்டுட்டானா?” கேட்டான் அம்மா, பதிலுக்குக் காத்திருக்கவில்லை என்றேன். “அப்போ பாண்டியராஜா பண்ணின வேலைதானே. கோவலன இப்படித்தான கொன்னான். ராஜாவாவது தப்புன்னு தெரிஞ்சதும் உயிர விட்டான். இவன் சிரிக்கான்னா சொல்லுத?”

அடுத்த ஷிப்டில் இதை டெக்னீஷியன் அம்மாவிடம் சொன்னேன். கண்ணகி கதையையும் முழுசாகச் சொல்ல வேண்டியதாயிற்று, சிலம்பை உடைக்கிற இடம் வரைக்கும். கேட்டுவிட்டு, “உன் அம்மா சொல்வது தப்பு, கோவலனுக்குப் பதில் சொல்ல வாய்ப்பே கொடுக்கவில்லை, பிளேக்குக்கு வாய்ப்பு இருந்தது, நேராகப் பதில் சொல்லியிருக்கலாம்” என்றார். போர்ட்டர் டிராலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவர், உன் அம்மா சொல்வதுதான் சரி என்று ஓட்டுப் போட்டார். எமர்ஜென்சியில் இருந்து அவசர சாம்பிள் வந்ததால் அன்று ராத்திரி அதோடு நின்றது. அம்மாவுக்கு இரண்டு பேருடைய பதிலையும் சொல்லியாயிற்று. அவள் அந்த வீலாப் பயல் நிஜமாகவே செத்தானா என்று கேட்டிருக்கிறாள்.