கன்சோலுக்கு மட்டும் தனிப் பூட்டு

ரௌட்டர் வேலை பார்க்கிறவர்களின் பைக்குள் ரௌட்டரின் கன்சோல் போர்ட்டில் நேராகச் செருகுகிற வெளிர்நீல கேபிள் ஒன்று எப்போதும் கிடக்கும். லைன் செத்துப்போனாலும் பெட்டியோடு பேசக் கடைசியாக மிஞ்சுகிற வழி அது. அந்த வழியையே நான் ஒருமுறை அடைத்துவிட்டேன்.

எல்லாக் கிளைகளின் சிஸ்கோ ரௌட்டர்களிலும் லாகினை டக்காக்ஸ் சர்வருக்கு, அதாவது யூசர்நேம், பாஸ்வேர்டை ஒரே இடத்தில் சரிபார்க்கும் சர்வருக்கு, மாற்றும் வேலை. 'ஏஏஏ ஆதென்டிகேஷன் லாகின் டீஃபால்ட் குரூப் டக்காக்ஸ்+', ஒரே வரி. நெட்வொர்க் வழியே எஸ்எஸ்ஹெச்சில் போய்ப் பார்த்தேன், லாகின் ஆனது, சேவ் செய்துவிட்டு அடுத்த கிளைக்குப் போய்விட்டேன். வரியின் கடைசியில் 'லோக்கல்' (சர்வர் கிடைக்காவிட்டால் ரௌட்டரிலேயே இருக்கும் யூசரைப் பார்) என்ற சொல் இல்லை என்பதும், டீஃபால்ட் என்றால் கன்சோலுக்கும் சேர்த்துத்தான் என்பதும் அப்போது உறைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு கிளையில் ஃபைபர் அறுந்தது. மாற்று லைனுக்கு மாற்ற நேரில் போனேன். கன்சோல் கேபிளைச் செருகி, டெர்மினலில் வழக்கமான செட்டிங் வைத்தேன்: 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1. என்டர் தட்டியதும் யூசர்நேம் கேட்டது, கொடுத்தேன். கர்சர் சில நொடி அப்படியே நின்றது, அப்புறம் 'ஆதென்டிகேஷன் ஃபெயில்ட்'. பாஸ்வேர்ட் சரிதான், அதைச் சரிபார்க்க வேண்டிய சர்வர் அறுந்த லைனுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. "ஆச்சா தம்பி?" என்று மேலாளர் வந்து வந்து கேட்டுப் போகிறார், கவுன்ட்டரில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். பவரை அணைத்துப் போட்டு, பூட் ஆகிற முதல் 60 நொடிக்குள் பிரேக் சிக்னல் அனுப்பி, ராம்மான் என்ற அவசர மோடில் பூட் ஆகும் விதத்தைச் சொல்லும் ரெஜிஸ்டரை 2142 ஆக்கி, கான்ஃபிக் படிக்காமல் எழுப்பி, அப்புறம் பழைய கான்ஃபிகை இழுத்து, ஷட் ஆகி நின்ற இன்டர்ஃபேஸ் ஒவ்வொன்றுக்கும் நோ ஷட் கொடுத்து, ரெஜிஸ்டரைத் திரும்ப வழக்கமான 2102க்குக் கொண்டுவந்தபோது மதியம் தாண்டிவிட்டது.

இப்போது 'லைன் கன்சோல் 0'க்குத் தனி லாகின் லிஸ்ட் வைக்கிறேன், அதில் லோக்கல் யூசர் மட்டும். அதற்காகக் கன்சோலைத் திறந்துபோடவும் கூடாது. சும்மா கிடக்கும் செஷனை மூடும் நேரமான எக்ஸெக்-டைம்அவுட்டை 0 0 (மூடவே வேண்டாம்) என்று வைப்பவர்களை நிறையப் பார்க்கிறேன், வசதிதான், ஆனால் எனேபிளில், அதாவது முழு அதிகார மோடில், விட்டுப்போன செஷன் அடுத்து கேபிளைச் செருகுகிற யாருக்கும் அப்படியே கிடைக்கும். டீஃபால்ட் 10 நிமிடம். நான் 5 வைக்கிறேன்.

சேவ் செய்வதற்கு முன் வெளியே போகிற அப்லிங்க் கேபிளைக் கையால் உருவிவிட்டு, நீலக் கேபிளில் ஒருமுறை லாகின் செய்து பார்க்கிறேன். உள்ளே போனால்தான் 'ரைட் மெமரி'.