கட்டுவாப்பிட்டிக்குப் பிந்திய நாட்கள்

2019 ஏப்ரல் 23, செவ்வாய்
ஈஸ்டர் ஞாயிறன்று நீர்கொழும்பிலுள்ள எங்கள் கட்டுவாப்பிட்டி தேவாலயத்தில், திருப்பலி வேளையில் குண்டு வெடித்தது. இன்று இங்கே புதைக்கப்பட்ட பெட்டிகளில் சில, ஒருவரே தூக்கிச் செல்லக்கூடிய அளவில் இருந்தன. இதற்கு மேல் எழுத இயலவில்லை.

ஏப்ரல் 26, வெள்ளி
பாகிஸ்தானில் மதத்தின் பெயரால் துரத்தப்பட்டு வந்து இங்கே வாடகைக்கு இருந்த அஹ்மதியா அகதிகளை வீட்டுக்காரர்கள் வெளியேறச் சொல்லிவிட்டார்கள். நூற்றுக்கணக்கானோர் தங்கள் பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலையத்திலும் ஒதுங்கியிருக்கிறார்கள். எங்கள் தெருவில் அப்படிச் சொன்னவர் ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருபவர். இரவில் கூட்டம் வந்து வீட்டைக் கொளுத்திவிடும் என்ற பயத்தினால்தான் சொன்னேன் என்று அழுதார். துப்பாக்கியோடு சந்தியில் நிற்கும் சிப்பாயால் இந்தப் பயத்தைப் போக்க முடியாது. எங்கள் பங்குக் குருவான சுவாமி அந்த வாசலுக்குப் போய், “இவர்கள் இருக்கட்டும், நான் பொறுப்பு” என்று சொல்லியிருந்தால், அந்தக் குடும்பம் இன்றிரவு சிமெந்துத் தரையில் படுத்திருக்காது.

ஏப்ரல் 28, ஞாயிறு
தேவாலயங்கள் பூட்டியிருந்ததால் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகையின் திருப்பலியைத் தொலைக்காட்சியில் கண்டோம். முஸ்லிம் கடைக்காரரான நானாவின் கடை இன்றும் திறக்கவில்லை.

மே 6, திங்கள்
நேற்று மாலை நீர்கொழும்பின் பொருதொட்டையில் முஸ்லிம்களின் கடைகளும் முச்சக்கரவண்டிகளும் உடைக்கப்பட்டு, இரவு ஊரடங்கு போடப்பட்டது. முஸ்லிம்கள் நம் சகோதரர்கள், ஒருவர் மீதும் கைவைக்க வேண்டாம் என்று கர்தினால் கேட்டுக்கொண்டார். மதுக்கடைகளை மூடவேண்டும் என்றும் சொன்னார். அந்த இரண்டாவது வேண்டுகோளையே நான் பெரிதாக மதிக்கிறேன். சகோதரத்துவத்தைப் பற்றி யாரும் மேடையில் பேசலாம். ஞாயிறு மாலையில் நம் பிள்ளைகள் எங்கே கூடுகிறார்கள், எந்த நேரத்தில் வாய்ப்பேச்சு கைகலப்பாகிறது என்பதோ, அவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர்களுக்குத்தான் தெரியும்.

மே 7, செவ்வாய்
நோன்பு தொடங்கியது. கடை பூட்டியே கிடக்கிறது.

மே 9, வியாழன்
தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானின் ஊரான காத்தான்குடியை நினைத்தால் உறக்கம் வருவதில்லை. 2017 இல் அங்கே சூபி வழி முஸ்லிம்களோடு நடந்த மோதலுக்குப் பிறகு அவர் தலைமறைவானார். அவரைப் பற்றி முஸ்லிம்களே அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தார்கள். ஆபத்தை முதலில் கண்டவர்கள் தொழுகை வரிசையில் அருகே நின்றவர்கள். அவர்கள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாத அரசு, இப்போது அதே மக்களின் வீடுகளைச் சோதனையிடுகிறது. தாக்குதல் நடத்தியவர்களின் உடல்களை ஏற்கமாட்டோம் என்று முஸ்லிம் மார்க்க அறிஞர்களின் உலமா சபை அறிவித்ததையும் எங்கள் பங்கில் அநேகர் அறியவில்லை. அதைப் பீடத்திலிருந்து வாசித்திருக்க வேண்டும்.

மே 14, செவ்வாய்
நேற்று மினுவாங்கொடையில் கடைகள் எரிந்தன. கொட்டாரமுல்லையில் ஒரு முஸ்லிம் வெட்டிக் கொல்லப்பட்டார். கர்தினாலின் சொல் கத்தோலிக்கரைத்தான் கட்டும். வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கும் இளைஞர்களை அவர்களுடைய ஊர் விகாரையின் தேரர்தான் தடுக்க முடியும், அதுவும் அவர்கள் பஸ் ஏறுவதற்கு முன்னரே.

மே 15, புதன்
சுவாமியும் மௌலவியும் நானாவின் வீட்டுக்குச் சேர்ந்து போனார்கள். பெருநாள் வரை பொறுத்துப் பார்க்கிறேன் என்று நானா சொன்னாராம். ஞாயிறு பிரசங்கத்தில் அந்தக் கடையின் பெயரைச் சொல்லியே பேசுங்கள் என்று சுவாமியிடம் கேட்டிருக்கிறேன்.