அம்மாவுடன் அன்னாபோலிஸில் ஒரு ஞாயிறு

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத் தலைநகர் என்றாலும் அன்னாபோலிஸ் சின்ன ஊர்தான், மொத்தமே 40,000 பேர் அளவில்தான் இருப்பார்கள். ஆனாலும் முதல் முறை காரில் வருகிறவர்களைச் சுற்ற வைத்துவிடும். 1690-களில் கவர்னர் பிரான்சிஸ் நிக்கல்சன் ஊருக்குத் திட்டம் போட்டபோது இரண்டு வட்டங்களை வரைந்து, தெருக்களைச் சக்கரத்தின் ஆரக்கால் போல அவற்றிலிருந்து பிரித்துவிட்டார். ஒரு வட்டத்தின் நடுவில் மாநிலச் சட்டமன்றக் கட்டடமான ஸ்டேட் ஹவுஸ், இன்னொன்றின் நடுவில் செயின்ட் ஆன்ஸ் எபிஸ்கோப்பல் சர்ச். அதனால் காரை ஒரு பார்க்கிங் கராஜில் விட்டுவிட்டு நடந்துவிடுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்த அம்மாவை ஞாயிறு ஆராதனைக்கு அந்த செயின்ட் ஆன்ஸ் சர்ச்சுக்குக் கூட்டிப் போனேன். "எபிஸ்கோப்பல்னா என்ன சபைட்டீ?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். நம் சி.எஸ்.ஐ.யும் (தென்னிந்தியத் திருச்சபை) இதுவும் இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஒரே ஆங்கிலிக்கன் குடும்பம் என்று சொன்னேன், நம்பவில்லை. உள்ளே பக்கத்தில் இருந்த வயதான பெண்மணி ஜெபப் புத்தகத்தைத் திறந்து, ஆயர் வாசிக்கிற வரியில் விரலை வைத்து, புத்தகத்தை அம்மா பக்கம் நகர்த்தினார். அந்த விரல் அடுத்தடுத்த வரிக்கு மெதுவாக இறங்கிக்கொண்டே வந்தது. இரண்டு பக்கம் தாண்டியதும் அம்மா தமிழிலேயே பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "நம்ம கோயில் முறைதாம்லா இது!"

புதிதாகப் போகிறவர்கள் முன் வரிசையில் உட்கார வேண்டாம், எப்போது எழ வேண்டும், எப்போது முழங்காலிட வேண்டும் என்பதை முன்னால் இருப்பவர்களைப் பார்த்துச் செய்தால் போதும். திருவிருந்தில் எல்லாருக்கும் ஒரே கிண்ணம், அசல் ஒயின். ஞானஸ்நானம் பெற்றவர்கள் எந்தச் சபை என்றாலும் வாங்கலாம். வாங்க விருப்பமில்லை என்றால் கைகளை மார்பில் குறுக்கே வைத்துக்கொண்டு போங்கள், ஆயர் ஆசீர்வதிப்பார்.

1692-ல் தொடங்கிய சபை இது. இப்போதிருக்கும் கட்டடம் மூன்றாவது, 1858-ல் முந்தைய கோயில் எரிந்துபோன பிறகு கட்டியது. இயேசுவின் பாட்டி அன்னாள் தன் மகள் மரியாளுக்குப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிற வண்ணக் கண்ணாடி ஜன்னலை அவசியம் பாருங்கள். அம்மா அதன் கீழேதான் வெகு நேரம் நின்றார்.

ஆராதனை முடிந்ததும் சர்ச்சிலேயே காபி. அதை மட்டும் தவிர்த்துவிட்டு ஓடிவிடாதீர்கள், ஊரைப் பற்றி வேண்டியதெல்லாம் அந்த அரை மணி நேரத்தில் கிடைத்துவிடும். அதே பெண்மணி ஆராதனைத் தாளின் பின்புறம் பேனாவால் ஒரு சின்ன வட்டம், ஒரு பெரிய வட்டம், நடுவே குட்டியாக ஸ்கூல் ஸ்ட்ரீட், சின்ன வட்டத்திலிருந்து தண்ணீர் வரைக்கும் நீளமாக மெயின் ஸ்ட்ரீட் என்று ஊரையே வரைந்து கொடுத்தார். கடற்படை அகாடமிக்குப் போவதானால் பாஸ்போர்ட் வேண்டும் என்று ஓரத்தில் எழுதியும் வைத்தார்.

அந்தத் தாளை அம்மாதான் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். 1783 டிசம்பரில் ஜார்ஜ் வாஷிங்டன் படைத்தலைமையைத் துறந்த அறை ஸ்டேட் ஹவுஸில் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு, செங்கல் பாவிய மெயின் ஸ்ட்ரீட்டில் சிட்டி டாக் படகுத்துறை வரை இறங்கினோம். 1767-ல் அடிமைகளை ஏற்றி வந்த லார்ட் லிகோனியர் கப்பல் நின்றது இந்த ஊரில்தான். இப்போது கரையில், அதில் வந்த குன்டா கின்டே என்ற அடிமையைத் தன் மூதாதை என்று 'ரூட்ஸ்' நாவலில் எழுதிய அலெக்ஸ் ஹேலி மூன்று குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டுகிற வெண்கலச் சிலைகள் இருக்கின்றன. அம்மா அந்தக் குழந்தைகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார், நான் கதையைச் சொன்னேன்.

கடைசியில் நண்டு. மேசை முழுக்கத் தாள் விரித்து, ஓல்ட் பே மசாலா அப்பிய நீல நண்டுகளை அப்படியே கொட்டுகிறார்கள், உடைக்க ஒரு மரச் சுத்தியல் தருகிறார்கள். அம்மா முதலில் வரைபடத் தாளை நான்காக மடித்துக் கறை படாமல் பைபிளுக்குள் வைத்தார். அப்புறம்தான் சுத்தியலைக் கையில் எடுத்தார்.